சிறையிற் பிறந்த ஓர் இசைப்பாட்டு

ஒரு பாட்டினை மதிப்பிடுங்கால் அது பிறந்த இடத்தையும் பாடினோர் நிலையையும் கருதுதல் வேண்டுமா, அன்றிப் பாட்டின் சொற்களே அமையுமா என்னும் வினா திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக நிகழ்ந்து வருவதாகும். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்திற் பயிற்றிய ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், பாடினோர் பெயரை நீக்கிப் பாட்டுக்களை மட்டும் மாணவர்க்கு அளித்து, அவர்கள் எழுதிய கருத்துக்களை ஆராய்ந்து 1929-இல் நூலாக வெளியிட்டார். நம் புறநானூற்றினைத் தொகுத்தோர் நெறி இதற்கு நேர்மாறானது. பாட்டின் கீழே திணையும் துறையும் கூறி, பாடினோர் இன்னார், பாடப்பட்டோர் இன்னார், பாடிய சூழல் இஃது எனக் குறித்து வைத்தனர் அவர். இவ்விரு நெறிகளையும் ஓர் அயல்நாட்டு இசைப்பாட்டின் மேல் வைத்து நோக்குதலே ஈண்டு எம் கருத்தாகும்.

அப்பாட்டு, 'மழையில் நடந்துகொண்டிருக்கிறேன்' என்னும் பொருள்படும் 'ஜஸ்ட் வாக்கின் இன் த ரெயின்' என்பது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரச் சிறையிற் கிடந்த கறுப்பினத்தவர் ஐவர் 'பிரிசனேர்ஸ்' என்னும் பெயரால் ஓர் இசைக்குழு அமைத்தனர். அவர்களுள் முதற்குரல் பாடிய ஜானி பிராக், பாலியல் வன்குற்றங்கள் ஆறுக்கு, ஒவ்வொன்றிற்கும் 99 ஆண்டாக, 1943 முதல் தண்டனை துய்த்து வந்தவர். வேறிருவர் கொலைக் குற்றத்திற்காக 99 ஆண்டு பெற்றவர்; எஞ்சிய இருவர் குறைந்த தண்டனையினர். 1953-ஆம் ஆண்டு சூன் முதல் நாள், படைக்கலம் ஏந்திய காவலரொடு இவர்கள் ஏறத்தாழ 200 மைல் கடந்து மெம்பிஸ் நகருக்குக் கொணரப்பட்டு, சாம் பிலிப்ஸ் என்பவரின் 'சன்' நிலையத்தில் இப்பாட்டினைப் பதிவு செய்தனர். பாட்டைப் புனைந்தோர் பிராக்கும், அதே சிறையிற் கிடந்த இராபர்ட் ரைலி என்பவரும் ஆவர்.

முதுகலை மாணவர் சிலரைக் கூட்டி, இச்செய்தி யாதொன்றும் கூறாது இசைத்தட்டினை மட்டும் யாம் கேட்பித்தோம். காதலியை இழந்தான் ஒருவனின் புலம்பல் என்றனர் பெரும்பாலோர். ஒரு மாணவி மட்டும், "துன்பத்தைச் சொல்கிறான், ஆனால் குரலில் அவசரமே இல்லையே ஐயா" என்றார். பின்னர்ச் செய்தியை உரைத்தபோது வகுப்பில் நிகழ்ந்த மாற்றம் எமக்கு மகிழ்ச்சி அளிக்கவில்லை என்பதை ஒளிக்காது கூறுதல் வேண்டும். அதுகாறும் பாட்டைக் கேட்டிருந்தவர்கள், அதன்பின் கைதிகளுக்கு இரங்கத் தொடங்கினர். 'நம்பிக்கை', 'ஒற்றுமை' என்னும் சொற்கள் மிகுதியும் வழங்கின. பாட்டிலோ அவ்விரண்டும் சொல்லால் யாண்டும் இல்லை.

உண்மையில் இப்பாட்டிற் சிறையும் இல்லை. சுவர், பூட்டு, காவலன், தண்டனை ஆகிய ஒன்றேனும் இதன்கண் வாராது. சிறைப்பாட்டு என்றவுடன் நம் நினைவிற்கு வரும் சேரமான் கணைக்கால் இரும்பொறையின் புறப்பாட்டு (74) இத்தகையதன்று. பிணிப்புண்ட நாயின் உவமையும், நீரை இரந்து பெறும் இழிவும் அப்பாட்டின் உள்ளேயே அமைந்துள்ளன. அடியிலுள்ள பழங்குறிப்பு இல்லையாயினும், அவன் கட்டுண்டவன் என்பதனை ஓரளவு நாம் உணரவியலும். நாஷ்வில் பாட்டோ குறிப்பின்றி நின்றால் தெருவிற் செல்லும் எவனோ ஒருவனின் பாட்டேயாகும்.

அங்ஙனமாயின் குறிப்பு நமக்கு யாது பயன் தருகின்றது? மழையிற் சிறை முற்றத்தைக் கடந்து செல்லும்போது பிராக் சொன்ன ஒரு சொல்லிலிருந்து இப்பாட்டு பிறந்தது என்பர். அதனை ஏற்றுக்கொண்டு பார்ப்போமாயின், பாட்டில் வரும் ஓர் எளிய காட்சி புதுப்பொருள் பெறுகின்றது. நனைந்து செல்பவனை வீட்டிலுள்ளோர் சன்னலருகே வந்து பார்த்து, இவன் யார் இப்பேதை எனத் தலையசைத்து இரங்குகின்றனர். வெளியே இருப்பவன் துன்புறுகின்றான். சுவருக்குள் இருப்போர் இரங்குகின்றனர். சன்னலுக்கு உட்புறத்தே ஆண்டுக்கணக்காக இருந்தவர் பாடும் பாட்டில் இடங்கள் இங்ஙனம் மாறிக் கிடத்தல் எண்ணத் தக்கது. நிறுத்துவார் எவருமின்றி, போகும் இடமும் குறியாது, மழையில் ஒருவன் நடந்துகொண்டே இருத்தல் இவர்களுக்குத் துன்பமா, பெறற்கரிய பேறா? அம்மாணவி கண்ட அவசரமின்மைக்கு இதுவே காரணமாதல் கூடும்.

இதற்குமேற் செல்லுதல் ஏற்றியுரைத்தலாம். மழை வருகின்றது என்பதுகொண்டு இதனை முல்லைக்கு ஆக்கி, இருத்தல் என்னும் உரிப்பொருளை இதன்கண் காண முயலும் கட்டுரைகள் எழுதப்படாமலிரா. முல்லையின் கார் தலைவன் மீண்டு வருதற்குரிய பருவம். அங்கே மழை ஒரு வாக்குறுதி. இப்பாட்டின் மழையோ எவர் வருகையையும் அறிவிக்கவில்லை. ஒற்றுமை காணும் வேட்கையால் இவ்வேற்றுமையை மறைத்தல் தகாது.

ஒற்றுமை என்பது சொல்லில் இல்லாது வேறோரிடத்தில் உளது. பாட்டின் சொற்கள் முழுதும் தன்மை ஒருமை. 'நான்' தனியாக நடக்கின்றேன் என்பதே செய்தி. பாடுவோர் ஐவர். ஒரே ஒரு கிதார் மட்டும் துணையாக ஒலிக்க, ஏனைக் கருவிகளின் தொழிலைக் குரல்களே மேற்கொள்கின்றன. பிராக்கின் மெல்லிய உச்சக்குரல் மேலே தனித்துச் செல்லுந்தோறும், கீழ்க்குரலும் இடைக்குரல்களும் அதனைத் தாங்கிக் கொள்கின்றன. தனிமையைக் கூறும் சொல் தனிமையில்லாத இசையால் உரைக்கப்படுகின்றது. இம்முரணே பாட்டின் உயிர் என்பது எம் துணிபு. ஏட்டிற் சொற்களை மட்டும் படிப்பான் ஒருவன் இதனை அறிதல் இயலாது. பண் இழந்து சொல் மட்டும் எஞ்சிய பழம்பாடல்களைப் பயிலும் நமக்கு இது சற்றே அச்சந்தரும் உண்மையாகும்.

இக்கூட்டுக்குரல் எத்தகையது என்பதும் நோக்கற்பாலது. ஜான் லோமாக்ஸும் அவர் மகன் ஆலன் லோமாக்ஸும் 1933 முதல் தென்மாநிலச் சிறைகளிற் சென்று பதிவு செய்த தொழிற்பாடல்களிலும் கைதிகள் ஒருங்கே பாடுகின்றனர். ஆனால் அங்கே கோடரி விழும் தாளமே பலரையும் பிணிக்கின்றது. ஒருவன் தாளம் பிழைத்தால் அருகிலிருப்பவன் காயமுறுவான். அவ்வொற்றுமை வேலை சுமத்திய ஒற்றுமை. பிரிசனேர்ஸ் அவ்வழியிற் சென்றிலர். வெளியுலகில் வானொலி வழியே புகழ்பெற்றிருந்த 'இங்க் ஸ்பாட்ஸ்' குழுவினர் போன்றோரின் நயமான பாணியையே அவர்கள் மேற்கொண்டனர். சிறையின் இசையை விடுத்து, உரிமையுடையோர் மாலைப்பொழுதிற் கேட்கும் இசையைத் தேர்ந்தனர். தன் குரலை அடக்கி மற்றவன் குரலுக்கு இடங்கொடுக்கும் பயிற்சி இதற்கு இன்றியமையாதது. அதனை எவரும் அவர்கள்மேற் சுமத்தவில்லை. நம்பிக்கை என்னும் சொல்லை வழங்கியே தீர்வதெனின், இத்தேர்வினை அப்பெயரால் அழைக்கலாம்.

சுவருக்கு வெளியே இக்குழு வேறொரு பொருளாகவும் பயன்பட்டது. 1953-இல் பதவியேற்ற ஆளுநர் பிராங்க் கிளெமென்ட் இவர்களைத் தம் மாளிகையிற் பாடச் செய்தார்; கைதிகள் திருந்துவர் என்பதற்குச் சான்றாக இவர்கள் காட்டப்பெற்றனர். கலையைச் சான்றிதழாக்கும் இப்போக்கினை யாம் உடன்படுகின்றிலேம். நன்றாகப் பாடுதல் குற்றத்தைத் துடைப்பதன்று. பாதிக்கப்பட்டோரின் குரல் எவ்விசைத்தட்டிலும் இல்லை. குற்றம் பெரிதாதல் கொண்டு பாட்டினைத் தள்ளுதலும் திறனாய்வு ஆகாது. இவ்விரண்டினையும் ஒருங்கே மனத்திற் கொண்டு கேட்பது எளிதன்று. கேட்குந்தோறும் எமக்கும் இடர்ப்பாடு நேர்கின்றது.

1956-இல் ஜானி ரே என்னும் வெள்ளையினப் பாடகர் இதே பாட்டினைச் சீழ்க்கை ஒலியுடனும் பெரிய வாத்தியக் குழுவுடனும் பாடினார். அது அமெரிக்காவில் இரண்டாமிடமும் இங்கிலாந்தில் முதலிடமும் பெற்றது. குறை கூறத் தக்க பாட்டன்று அது. ஆயினும் அதில் நடப்பவன் சற்று நேரத்தில் வீடு சேர்ந்துவிடுவான் என்று தோன்றுகின்றது. சொற்கள் அவையே, முரண் மட்டும் நீங்கிற்று. அப்பாட்டு உலகெங்கும் ஒலித்தபோது பிராக் சிறையிலேயே இருந்தார். அவர் விடுதலை பெற்றது 1959-இல். அதற்கு முன்னரே தோழர் சிலர் விடுதலையாகிச் செல்ல, புதியவர் வந்து சேர, குழுவின் பெயரும் 'மேரிகோல்ட்ஸ்' என மாறியிருந்தது. விடுதலை அவர்களைப் பிரித்தது.

பிராக் எழுதப் படிக்க அறியாதவர். பாட்டைத் தாளில் வரைந்து தந்ததற்காகவே ரைலிக்கு ஆசிரியருள் ஒருவராக இடந்தந்தார் என்றும் கூறுவர். வாய்மொழியாகப் பாடினோன் ஒருவனும் ஏட்டில் எழுதினோன் ஒருவனும் ஆகிய இந்நிலை நம் பதிப்பாசிரியர்களுக்குப் புதிதன்று. பழைய முறையில் இதற்கொரு குறிப்பு வரைதல் வேண்டின், யாம் இங்ஙனம் வரைவோம்: நாஷ்விற் சிறையிற் கிடந்தார் ஐவர், காவலரொடு மெம்பிஸ் சென்று, தனித்து நடந்தான் ஒருவன் கூற்றாகப் பாடியது, பாடினான் பிராக், எழுதினான் ரைலி. 'ஐவர்' என்னும் சொல் அக்குறிப்பில் விடுபடலாகாது.