விலகியவன் சொல்: ‘புதியதோர் உலகம்’, ‘கொரில்லா’ நாவல்களில் இயக்க உட்பகையும் வெளியேற்றமும்

திறவுச்சொற்கள்: ஈழ நாவல், இயக்க உட்பகை, விலகல், சாட்சியம், கோவிந்தன், ஷோபாசக்தி

ஈழப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் பற்றித் தமிழகத்தில் நிகழும் ஆய்வுகள் பெரும்பாலும் போர், இடப்பெயர்வு, புலம்பெயர் வாழ்வு என்னும் தலைப்புகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இயக்கத்துக்குள் முளைத்த பிளவும், அதிலிருந்து விலகியவனின் நிலையும் தனிப்பொருளாக எடுத்துக்கொள்ளப்படுவது குறைவு. எடுத்துக்கொள்ளும்போதும், அத்தகைய நூல்கள் ‘ஆவணம்’ என்று மதிக்கப்படுகின்றன. அந்த மதிப்பே அவற்றை இலக்கிய விவாதத்திலிருந்து அப்புறப்படுத்தவும் பயன்படுகிறது. கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) இவ்விரட்டை நடத்தைக்கு முதற்சான்று. அந்நாவலை ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வோடு (2001) சேர்த்து வாசிக்கும்போது, ‘ஆவணம்’ என்னும் பாராட்டு எதை மறைக்கிறது என்பது புலனாகும்.

தமிழீழ விடுதலைப் புலிகளின் மத்தியக் குழுத் தலைவராக இருந்த உமாமகேஸ்வரன் 1980இல் பிரிந்தார். அவர் தலைமையில் தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம் உருவாயிற்று. 1982 மே 19 அன்று சென்னை பாண்டிபஜாரில் அவரும் பிரபாகரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். கழகத்தின் பயிற்சி முகாம்கள் தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டுப் பகுதியில் பெருகின. உளவாளி, சதிகாரன் என்னும் குற்றச்சாட்டுகளின் பேரில் சொந்த உறுப்பினர்களே அங்குச் சித்திரவதைக்கும் கொலைக்கும் ஆளாயினர். 1985 பிப்ரவரியில் கழகத்தைவிட்டுத் தலைமறைவாக வெளியேறிய சிலரே ‘தீப்பொறி’ என்னும் பெயரில் இயங்கினர். அதே ஆண்டில், அக்குழுவின் முயற்சியால், ‘கோவிந்தன்’ என்னும் புனைபெயரில் இந்நாவல் வெளிவந்தது. கழகத்திலிருந்து விலகிய சந்ததியார் கொல்லப்பட்டதும் அவ்வாண்டிலேதான். துரத்துவோர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது எழுதப்பட்ட நூல் இது.

இந்தச் சூழல் நூலின் வடிவத்தில் பதிந்துள்ளது. நம்பிக்கையோடு கடல் கடந்து முகாமுக்கு வரும் இளைஞன், அங்கு நிகழ்வனவற்றைக் கண்டு, சிறிதுகாலம் வாய்மூடியிருந்து, பின் விலகுகிறான் என்பதே கதைப்போக்கு. விவாதப் பகுதிகள் நீள்கின்றன. பாத்திரங்கள் சில இடங்களில் துண்டறிக்கை போலப் பேசுகின்றன. கலைக்குறை என்று சுட்டப்படத்தக்க இக்கூறு வேறொரு பணியையும் செய்கிறது. கழகம் மார்க்சிய மொழி பேசிய இயக்கம். தோழமை, விமர்சனம், சுயவிமர்சனம், உட்கட்சிச் சனநாயகம் ஆகிய சொற்கள் வகுப்புகளில் ஒலிக்கும் அதே முகாமில், சற்றுத் தள்ளி ஒருவன் கட்டிவைத்து அடிக்கப்படுகிறான். அடிப்பவனும் அந்த வகுப்பில் அமர்ந்தவன்தான். சொற்களின் பெருக்கத்தை வாசகன் அலுப்போடு கடக்க நேர்வதால்தான், அச்சொற்கள் எவ்வளவு எளிதில் உள்ளீடற்றுப் போயின என்பது உறைக்கிறது. ஆசிரியர் இதனைத் திட்டமிட்டாரா என்பது வேறு வினா; பனுவல் அவ்வாறு செயற்படுகிறது.

நாவலின் வலிமை சித்திரவதைக் காட்சிகளில் இல்லை. வாய்மூடியிருக்கும் காலத்தில் இருக்கிறது. கண்டவன் ஏன் உடனே விலகவில்லை? வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் வந்தவனுக்குத் திரும்பிச் செல்ல முகமில்லை, ஊரில் இராணுவம், இயக்கத்தில் சந்தேகம், கையில் காசில்லை, தெரிந்த மனிதரில்லை. இவற்றுக்கும் மேலாக, தன்னோடு வந்தவன் உண்மையிலேயே உளவாளியாக இருந்திருக்கலாமோ என்னும் ஐயம் அவனுக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஐயம் அவனையும் குற்றத்தில் பங்காளியாக்குகிறது. நூலை ஆவணமாக மட்டும் படிப்பவர் கொன்றவர், கொல்லப்பட்டவர் என்னும் பட்டியலோடு நின்றுவிடுவார். பார்த்துக்கொண்டிருந்தவனின் மனத்துக்குள் நுழைய நாவல் வேண்டியிருக்கிறது.

இவ்விடத்தில் ‘துரோகி’ என்னும் சொல்லின் பயணம் கருதத்தக்கது. யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27 அன்று சுட்டுக்கொல்லப்படுவதற்கு முன்பே, மிதவாத அரசியல் மேடைகள் அச்சொல்லை அவர்மீது சூட்டியிருந்தன. ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் அதனை மேடையிலிருந்து பெற்றுக்கொண்டனர். எதிர்க்கட்சிக்காரனைச் சுட்டிய சொல் பத்தாண்டுக்குள் ஒரே பாயில் உறங்கிய தோழனைச் சுட்டலாயிற்று. ‘மண்டையில் போடுதல்’ என்னும் வழக்கு ஈழத்துப் பேச்சில் புழங்கியதும் இப்பின்னணியில்தான். பிற்காலத்தில் புலிகள் இயக்கத்தில் ‘துண்டு கொடுத்து’ விலகும் நடைமுறையொன்று இருந்தது; அதற்குத் தண்டனைக்காலமும் உண்டு. கழகத்து முகாம்களில் அத்தகைய வாயிலும் இல்லை. விலகுதல் என்பதும் ஓடுதல் என்பதும் அங்கு ஒரே பொருளின.

‘புதியதோர் உலக’த்தின் எல்லையையும் சுட்டவேண்டும். பாரதிதாசன் பாட்டை நினைவூட்டும் தலைப்பில் ஓர் அங்கதம் இருப்பதாக இன்றைய வாசகனுக்குத் தோன்றலாம். நூலின் தொனி அதற்கு இடந்தரவில்லை. அவ்வுலகம் இன்னும் ஆக்கப்படவேண்டியது என்றே அது நம்புகிறது. பிழை தலைமையிலும் வழிவிலகலிலும் இருக்கிறது. சரியான கோட்பாடும் சரியான அமைப்பும் வாய்த்தால் ஆயுதப் போராட்டம் மக்கள் போராட்டமாகும். இந்நம்பிக்கை நாவலை உடைந்துவிடாமல் தாங்குகிறது. அதுவே ஆயுதத்தையும் அதிகாரத்தையும் பற்றிய அடிப்படை வினாவை எழுப்பவிடாமலும் தடுக்கிறது. 1986இல் தமிழீழ விடுதலை இயக்கத்தைப் புலிகள் தாக்கியழித்ததும், 1989இல் உமாமகேஸ்வரன் தம் அமைப்பினராலேயே கொல்லப்பட்டதும் நூலுக்குப் பின் நிகழ்ந்தவை. அவ்வகையில், அதன் நம்பிக்கையைப் பேதைமை என்று கூறுவது பின்வந்தவரின் வசதியே.

‘கொரில்லா’ அவ்வசதியோடு எழுதப்பட்டதாயினும் அதனை மலிவாகப் பயன்படுத்தவில்லை. ஷோபாசக்தி பதின்பருவத்தில் புலிகள் இயக்கத்திலிருந்து விலகியவர். பின்னர் பிரான்சில் தஞ்சமடைந்தவர். நாவல் அகதித் தஞ்சம் கோரும் மனுவாகத் தொடங்குகிறது: எண்ணிட்ட பத்திகள், அடிக்குறிப்புகள், அதிகாரியை நோக்கிய பணிவு. கோவிந்தனின் வாசகர், இன்னும் மனம் மாறக்கூடிய தோழர். ஷோபாசக்தியின் முதல் வாசகர், எதையும் நம்பாதிருக்கப் பழகிய அலுவலர். தன் கூட்டத்தாரால் துரோகி எனப்பட்டவன், அந்நிய அலுவலகத்தில் பொய்யன் எனப்படாதிருக்கப் போராடுகிறான். விலகியவனுக்குக் கேட்பார் இல்லை என்னும் உண்மை வடிவத்தாலேயே நிறுவப்படுகிறது.

தலைப்பின் சிலேடையும் கவனத்துக்குரியது. தீவகத்துக் குஞ்சன்வயலில் முரடனாகத் திரியும் தந்தைக்கு ஊரார் இட்ட பட்டப்பெயர் ‘கொரில்லா’. அப்பெயரை உதறவே இயக்கத்துக்குப் போகும் ரொக்கிராஜை அது அங்கும் தொடர்கிறது. கெரில்லாவாக விரும்பியவன் கொரில்லாவின் மகனாகவே எஞ்சுகிறான். ஊர்ச் சண்டியனின் வன்முறையும் இயக்கத்தின் வன்முறையும் வெவ்வேறு உலகத்தவை அல்ல என்று நாவல் உணர்த்தும் இடம் இது. கோவிந்தன் கோட்பாட்டில் தேடிய காரணத்தை, ஷோபாசக்தி வீட்டிலும் ஊரிலும் தேடுகிறார். ஆனால் எள்ளல் சில இடங்களில் துயரத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை; அங்கெல்லாம் கோவிந்தனின் கனத்த சொற்களே மேலெனத் தோன்றும்.

தமிழகத் திறனாய்வு இவ்விரு நூல்களையும் ‘ஈழ இலக்கியம்’ என்று வேறோர் அலமாரியில் வைத்துவிடுவது வசதியானது. ‘புதியதோர் உலகம்’ காட்டும் கொடுமைகளுக்கு மூலமான முகாம்கள் தமிழக மண்ணில், தமிழகத்து மனிதர் கண்ணெதிரே இருந்தவை. அம்முகாம்களுக்கு அரிசியும் அன்பும் அளித்த ஊர்களைப் பற்றித் தமிழக நாவல் பெரிதும் பேசவில்லை. அவ்வூர்களில் அக்காலத்தை நினைவுகூரத்தக்க முதியோர் இன்றும் உள்ளனர்.

கோவிந்தன் 1991இல் புலிகளால் கைதுசெய்யப்பட்டார், மீளவில்லை. தம் இயக்கத்தின் கொலைகளை எழுதித் தப்பியவர், இன்னோர் இயக்கத்தின் கையில் மறைந்தார். அவர் எழுதிய நாவல் இன்றும் அந்தப் புனைபெயரிலேயே வாசிக்கப்படுகிறது.