குற்றக் கதை குற்றத்தைக் கற்பிக்குமா?

குற்றத்தைக் காட்டும் கதை குற்றத்தைக் கற்பித்துவிடாதா? பிள்ளைகள் வளரும் வீடுகளில் பெரியவர்கள் எழுப்பும் இக்கேள்வி நியாயமானது. கலையின் பெயரைச் சொல்லி இதனைத் தட்டிக் கழிப்பவர்களோடு நாம் உடன்படுவதற்கில்லை. அதே வேளையில், குற்றம் இடம்பெறும் கதை எதுவாயினும் அதனை ஒதுக்கிவிட வேண்டும் என்பாரோடும் நாம் சேர்வதற்கில்லை. கதையில் என்ன நடக்கிறது என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. நடப்பதைப் பார்த்திருக்க யாரை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே நாம் எடைபோட வேண்டும்.

இதனை ஆராய 1944-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டபுள் இன்டெம்னிட்டி' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தை எடுத்துக்கொள்வோம். விபத்தில் இறந்தவருக்கு இரு மடங்கு தொகை வழங்கும் காப்பீட்டு விதியையே அப்பெயர் குறிக்கிறது. போர் முடிந்தபின் ஹாலிவுட் படங்கள் மீண்டும் பிரான்சுக்கு வந்தபோது, 1946-இல் நீனோ பிராங்க் என்ற விமர்சகர் இத்தகைய படங்களுக்குக் 'கறுப்புப் படம்' என்னும் பொருள்பட 'பிலிம் நுவார்' என்று பெயரிட்டார். அவ்வகைக்கு முன்மாதிரியாக இன்றளவும் முதலில் சுட்டப்படும் படங்களுள் இது ஒன்று.

கதை சிறியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வால்டர் நெஃப் என்னும் காப்பீட்டு முகவர், கார் காப்பீட்டைப் புதுப்பிக்க ஒரு வீட்டுக்குச் செல்கிறான். அவ்வீட்டுத் தலைவியான ஃபிலிஸ் அவனை மயக்குகிறாள். கணவனுக்குத் தெரியாமல் அவன் பெயரில் 50,000 டாலர் விபத்துக் காப்பீடு எடுக்கிறார்கள். ரயிலில் நேரும் மரணத்துக்கு இரட்டிப்புத் தொகை உண்டு. ஆகவே கணவனைக் காரிலேயே கொன்று, நெஃப் அவனைப்போலக் கால்கட்டும் ஊன்றுகோல்களுமாக ரயிலேறி, இடைவழியில் இறங்கிவிடுகிறான். பிணம் தண்டவாளத்தில் கிடத்தப்படுகிறது. எல்லாம் திட்டப்படி முடிகிறது. ஆனால் அதே நிறுவனத்தில் பொய்யான கோரிக்கைகளை மோப்பம் பிடிக்கும் கீஸ் என்னும் அதிகாரி இருக்கிறார். அவர் நெஃபுடன் பணியாற்றுபவர் மட்டுமல்லர், அவனை மகன் போல் நேசிப்பவரும் ஆவார்.

இக்கதைக்கு விதையானது ஓர் உண்மைக் கொலை. 1927-இல் நியூயார்க்கில் ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணும் அவளுடைய காதலனும் அவள் கணவனைக் காப்பீட்டுப் பணத்துக்காகக் கொன்றனர். 1928-இல் இருவரும் மின்நாற்காலியில் மரண தண்டனை பெற்றனர். அந்நாளில் நியூயார்க்கில் பத்திரிகையாளராயிருந்த ஜேம்ஸ் எம். கெய்ன் பின்னர் இதனைத் தழுவிக் கதை எழுதினார். 1935-இல் அது படநிறுவனங்களின் பார்வைக்குச் சென்றபோது, திரைப்படத் தணிக்கை விதிகளைக் காத்துவந்த ஜோசஃப் பிரீன் கடுமையாகத் தடுத்தார். கதையின் தரம் தாழ்ந்தது, கொலைத் திட்டம் நுணுக்கமாக விவரிக்கப்படுகிறது, இது பொதுமக்கள் முன் வைக்கத் தகாதது என்பன அவர் வாதங்கள். நம் வீட்டுப் பெரியவர்களின் கவலையும் இதுவே அன்றோ! எட்டு ஆண்டுகள் கதை கிடப்பில் கிடந்தது.

1943-இல் பாரமவுண்ட் நிறுவனத்தில் அதனைக் கையிலெடுத்தவர் இயக்குநர் பில்லி வைல்டர். 1906-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் யூதக் குடும்பத்தில் பிறந்து, பெர்லினில் திரைக்கதை எழுதி வந்தவர். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஊரைவிட்டு ஓடியவர். பின்தங்கிய அவருடைய தாயார் நாஜிகளின் கொடுமைக்கு இரையானார். இசையமைத்த மிக்லோஷ் ரோஜா புடாபெஸ்டில் பிறந்தவர். கலை இயக்கத்தில் பங்கேற்ற ஹான்ஸ் டிரையர் ஜெர்மானியர். கீஸாக நடித்த எட்வர்ட் ஜி. ராபின்சன் ருமேனியாவில் இம்மானுவேல் கோல்டன்பெர்க் என்ற பெயரில் பிறந்து, பத்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா வந்தவர். அமெரிக்க வாழ்வின் உள்ளறையைக் காட்டும் இப்படத்தில் இத்தனை வேற்று நாட்டார் கைவண்ணம் இருப்பது நம் கவனத்துக்குரியது. அயலிலிருந்து வந்தவன் கண்ணுக்கு, உள்ளூரான் பார்த்துப் பழகிய சுவரின் விரிசலும் தெரியும்.

வைல்டருடன் வழக்கமாக எழுதும் சார்லஸ் பிராக்கெட் இந்தக் கதையின் பக்கம் வர மறுத்துவிட்டார். கெய்ன் வேறோர் ஒப்பந்தத்தில் இருந்தார். அதனால் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் அழைக்கப்பட்டார். அவருக்குத் திரைக்கதை எழுதிப் பழக்கமில்லை. வயது ஐம்பதைக் கடந்தவர், எளிதில் மனம் நோகிறவர். இருவரும் ஒத்துப்போகவில்லை. வைல்டர் அறைக்குள்ளும் தொப்பியைக் கழற்றுவதில்லை, கைத்தடியை முகத்துக்கு நேரே ஆட்டிப் பேசுகிறார் என்றெல்லாம் சாண்ட்லர் நிறுவனத்துக்குக் குறைகளை எழுதியே கொடுத்தார்.

எனினும் அந்தச் சச்சரவிலிருந்துதான் படத்தின் மொழி பிறந்தது. கெய்ன் எழுதிய உரையாடலை அப்படியே எடுத்தாளலாம் என வைல்டர் எண்ணினார். அது கண்ணால் படிப்பதற்கு ஏற்றதே தவிர, காதால் கேட்பதற்கு ஏற்றதன்று என்று சாண்ட்லர் வாதாடினார். நடிகர்களை வரவழைத்துப் பேசச் செய்து பார்த்தபோது சாண்ட்லர் சொன்னதே சரியாயிற்று. பின்னர் கெய்னும் அதனை ஒப்புக்கொண்டார்.

மூலக்கதையினின்று அவர்கள் செய்த பெரிய மாற்றம் இரண்டு. ஒன்று, குண்டடிபட்ட நெஃப் நள்ளிரவில் அலுவலகத்துக்கு வந்து, குரல் பதியும் கருவியின் முன் அமர்ந்து கீஸுக்குத் தன் குற்றத்தைச் சொல்வதாகக் கதையைத் தொடங்கியது. பணமும் கிடைக்கவில்லை, பெண்ணும் கிடைக்கவில்லை என்று அவன் வாயாலேயே முதலிலேயே தெரிந்துவிடுகிறது. தப்பிப்பானா என்ற பரபரப்புக்கு அங்கே இடமில்லை. எஞ்சுவது, ஒரு மனிதன் எப்படிப் படிப்படியாகக் கெட்டான் என்ற கேள்வி ஒன்றே. மற்றொன்று, கீஸ் பாத்திரத்தை வளர்த்து அவரைக் கதையின் நடுத்தூணாக்கியது. மூலக்கதையில் குற்றவாளிகள் இருவரும் கப்பலேறி, இறுதியில் கடலில் தற்கொலைக்கு ஆயத்தமாகின்றனர். படத்திலோ முடிவு இரு ஆண்களின் நட்பில் வந்து நிற்கிறது.

சொல்லில் அமைந்ததை ஒளியாக்கியவர் ஜான் எஃப். சைட்ஸ். மௌனப்பட நாள் தொட்டுப் பணியாற்றிய ஒளிப்பதிவாளர். ஃபிலிஸின் வீட்டு வரவேற்பறையில் வெளியே கலிபோர்னியாவின் பளீர் வெயில். உள்ளே சன்னலின் பட்டைத் தட்டிகள் வழியே கோடு கோடாக வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் தூசி மிதப்பது தெரிய வேண்டும் என்பதற்காக அலுமினியத் துகள்களைக் காற்றில் ஊதிப் படமெடுத்தார் சைட்ஸ். அக்கோடுகள் நெஃபின் சட்டைமீது விழும்போது, சிறைக்கம்பிகள் அவனை இப்போதே சூழ்ந்துவிட்டன என்று நமக்குத் தோன்றுகிறது. அவனுக்கு மட்டும் அது தெரியவில்லை.

கொலைக் காட்சியைக் குறித்தும் சொல்ல வேண்டும். காரின் பின்னிருக்கையில் நெஃப் ஒளிந்திருக்கிறான். குறிப்பிட்ட இடத்தில் ஃபிலிஸ் மூன்று முறை ஒலிப்பானை அழுத்துகிறாள். பக்கத்து இருக்கையில் கணவன் கொல்லப்படுகிறான். காமிராவோ அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. குருதி இல்லை, கைகால் உதறல் இல்லை. நேரே பாதையைப் பார்த்துக் காரோட்டும் ஒரு பெண்ணின் முகமும், அதில் மெல்ல அரும்பும் நிறைவுமே நாம் காண்பவை. கொலை செய்யும் முறையைப் படம் கற்பிக்கிறது என்று பிரீன் அஞ்சினார். கொலை செய்த நெஞ்சம் எப்படி இருக்கும் என்பதையே படம் காட்டிற்று.

அந்த முகம் பார்பரா ஸ்டான்விக்குடையது. புரூக்ளினில் ரூபி ஸ்டீவன்ஸ் என்ற பெயரோடு பிறந்து, சிறு வயதிலேயே தாயை இழந்து வளர்ந்தவர். புகழின் உச்சியில் இருந்த அவர் இப்படிப்பட்ட கொலைகாரி வேடத்தை ஏற்கத் தயங்கினார். நீ நடிகையா அல்லது எலியா என்று வைல்டர் கேட்டதாகவும், நடிகைதான் என்று பதில் கூறி ஏற்றதாகவும் ஸ்டான்விக்கே பின்னாளில் நினைவுகூர்ந்தார். நெஃபாக நடிக்கப் பெரிய நடிகர் எவரும் முன்வரவில்லை. நகைச்சுவைப் படங்களில் இனிய முகத்தோடு வந்துபோகும் ஃபிரெட் மக்மரே தம்மால் இது இயலாது என்றே சொல்லிப் பார்த்தார். வைல்டர் விடவில்லை. அவர் தேடியதும் அந்த இனிய முகத்தைத்தான். கொடியவன் முகத்தில் கொடுமையைக் கண்டால் பார்ப்பவன் தன்னை விலக்கிக்கொள்வான். அடுத்த வீட்டுப் பிள்ளை போன்ற ஒருவன் கெட்டுப்போகும்போது எவராலும் விலகி நிற்க இயலாது.

ராபின்சன் 1931-ஆம் ஆண்டின் 'லிட்டில் சீசர்' படம் முதல் கதாநாயகனாகவே விளங்கியவர். இங்கே பெயர் வரிசையில் மூன்றாமிடம். அதனை ஏற்றுக்கொண்டு அவர் படைத்த கீஸ், நம் மதிப்பீட்டில், இப்படத்தின் உயிர். ஏதேனும் பொய் இருந்தால் தம் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு குட்டி மனிதன் துன்புறுத்துகிறான் என்று கீஸ் அடிக்கடி சொல்வார். அலுவலகமே நகைக்கும் அந்தக் குட்டி மனிதன்தான் கதை முழுவதும் விழித்திருக்கும் மனச்சாட்சி. கீஸ் சுருட்டை வாயில் வைத்துத் தீப்பெட்டியைத் தேடுவார். ஒவ்வொரு முறையும் நெஃப் தன் நகத்தால் தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைப்பான். இச்சிறு வழக்கம் படம் நெடுகத் தொடர்கிறது.

நெஃப் நச்சுவாயு அறையில் தண்டனை பெறுவதாகவும், அதனைக் கீஸ் நேரில் பார்த்து நிற்பதாகவும் ஒரு முடிவு பெரும் செலவில் படமாக்கப்பட்டது. பிரசங்கியாருக்கு நிறைவு தரத்தக்க முடிவு. வைல்டர் அதை வெட்டியெறிந்தார். இப்போது உள்ள முடிவில், தப்பியோட முயன்று அலுவலக வாயிலில் சரிந்து விழுகிறான் நெஃப். அருகே மண்டியிடுகிறார் கீஸ். சிகரெட்டைப் பற்றவைக்கவும் நெஃபின் கையில் வலுவில்லை. இம்முறை தீக்குச்சியைக் கிழிப்பது கீஸின் கை. இத்தனை நாளாய்த் தேடிய குற்றவாளி மேசைக்கு எதிரிலேயே இருந்தான் என்பதையும், அவன் அதைவிடவும் நெருக்கமானவன் என்பதையும் அவர்கள் இரண்டொரு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். நச்சுவாயு அறை சட்டத்தின் தண்டனையைக் காட்டியிருக்கும். நம்பியவரை ஏமாற்றிவிட்டோம் என்ற வேதனையைக் காட்ட அந்தத் தீக்குச்சியே போதுமாயிற்று. இவற்றுள் எது பார்ப்பவன் நெஞ்சில் ஆழமாகத் தைக்கும் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. இறுதிச் சந்திப்பில் நெஃபைச் சுட்ட ஃபிலிஸ், இரண்டாம் முறை சுட இயலாமல் திடீரென நெகிழ்வது நமக்கு ஏற்புடையதாயில்லை. அத்தகைய மாற்றத்துக்கு முன்பு ஒரு விதையும் ஊன்றப்படவில்லை. கதை முழுவதும் நெஃப் வாய்வழியே வருவதால், அவள் தரப்பை நாம் ஒருநாளும் கேட்பதில்லை. ஆணின் வீழ்ச்சிக்குப் பெண்ணே காரணம் என்று சொல்லி நழுவுவது இவ்வகைப் படங்களின் பொதுப் பலவீனம். ஆயினும் நெஃப் தன் பேராசையைத் தானே ஒப்புக்கொள்வதால் இப்படம் அக்குற்றத்திலிருந்து பாதியளவு தப்பிவிடுகிறது. நிறுவனத்தை ஏமாற்றும் வழியைத் தான் முன்பே எண்ணிப் பார்த்ததுண்டு என்கிறான் அவன். ஃபிலிஸ் கதவைத் தட்டும் முன்பே அது திறந்துதான் கிடந்தது.

படம் ஏழு ஆஸ்கார் விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பட்டு ஒன்றும் பெறவில்லை. அவ்வாண்டின் சிறந்த படமாக அதே நிறுவனத்தின் 'கோயிங் மை வே' தேர்வாயிற்று. ஏழு முறை பரிந்துரைக்கப்பட்டும் சைட்ஸ் தம் வாழ்நாளில் ஆஸ்கார் பெறவில்லை. ராபின்சன் ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படாமல், 1973-இல் மறைந்தபின் சிறப்பு விருது பெற்றார். ஸ்டான்விக்குக்கு 1982-இல் அத்தகைய சிறப்பு விருது கிட்டியது. 1992-இல் இப்படம் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்கத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தணிக்கை தடுத்து, துணையெழுத்தாளர் மறுத்து, நடிகர்கள் தயங்கி, விருதும் கைவிட்ட படம் அது.

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். குற்றக் கதை குற்றத்தைக் கற்பிக்குமா? கற்பிக்கும், அதைச் சொல்பவருக்குக் குற்றத்தின் கவர்ச்சி மட்டுமே தெரிந்திருந்தால். ஆனால் எழுதுபவர், ஒளியமைப்பவர், நடிப்பவர் ஆகிய அனைவரும் தத்தம் கைத்தொழிலில் நேர்மையாயிருந்து, அக்கதைக்குள் ஒரு கீஸை உட்காரவைத்தால் அது எச்சரிக்கையாக மாறிவிடும். நம் பிள்ளைகள் கையில் எடுக்கும் எந்தக் கதையைப் பற்றியும் நாம் கேட்கத்தக்க கேள்வி இதுவே: இதனுள் விழித்திருக்கும் மனிதர் ஒருவராவது இருக்கிறாரா?