தேர்ச்சிக்கு முன்பே பாடியவர்கள்

பெண்குரலைப் பற்றிப் பேசும்போது அவள் என்ன சொன்னாள் என்பதையே பெரும்பாலும் கேட்கிறோம். எவ்வளவு உரக்கச் சொன்னாள், சொல்லத் தகுதி உண்டா என்று அவளை அளந்தவர் யார் என்பவை பின்னுக்குப் போய்விடுகின்றன. 1990களில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரத்துப் பெண்கள் வெளியிட்ட பங்க் ஒலிப்பதிவுகளை இந்த இரண்டு கேள்விகளோடும் கேட்க விரும்புகிறேன்.

ஒலிம்பியா வாஷிங்டன் மாநிலத்தின் தலைநகர். ஆனாலும் 1990இல் அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 34 ஆயிரம் பேர்தான். எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரியும் அதன் வானொலி நிலையமும் அங்கே இருந்தன. கால்வின் ஜான்சன் 1982இல் கே ரெகார்ட்ஸ் என்ற சிறு வெளியீட்டு நிறுவனத்தையும், ஸ்லிம் மூன் 1991இல் கில் ராக் ஸ்டார்ஸையும் தொடங்கினார்கள். ஜான்சன், ஹெதர் லூயிஸ், பிரெட் லன்ஸ்ஃபோர்டு மூவரும் சேர்ந்த பீட் ஹேப்பனிங் குழு, கருவிகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு மிக எளிமையாக வாசித்தது. நன்றாகத் தேறிய பிறகே மேடை ஏறலாம் என்ற விதி இந்த ஊரில் அப்படித் தளர்ந்தது.

ராக் இசையில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் பையன்கள் ஒருவர் வீட்டுக் கார் கொட்டகையில் கூடிப் பயின்று பெறுவது. அந்தக் கொட்டகைக்குள் பெண்ணைச் சேர்க்காமல் இருந்துவிட்டு, பிறகு அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று சொல்வது எளிது. ஒலிம்பியாவில் விதி தளர்ந்ததால் ஆண்களுக்குக் கிடைத்தது ஒரு புதிய பாணி. பெண்களுக்கோ நுழையவே வழி கிடைத்தது. 1991 ஆகஸ்ட் 20 அன்று அங்கே தொடங்கிய சர்வதேச பாப் அண்டர்கிரவுண்ட் மாநாட்டின் முதல் இரவு பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. கோரின் டக்கரும் டிரேசி சாயரும் சேர்ந்த ஹெவன்ஸ் டு பெட்ஸி முதன்முறையாக மேடை ஏறியது அந்த இரவில்தான்.

கேத்லீன் ஹன்னா, டோபி வெய்ல், கேத்தி வில்காக்ஸ், பில்லி கேரன் நால்வரும் 1990இல் தொடங்கிய குழு பிகினி கில். இவர்கள் 1991இல் தாங்களே ஒரு கேசட்டை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு கில் ராக் ஸ்டார்ஸ் வெளியிட்ட குறுந்தொகுப்பின் முதல் பாடல் ‘டபுள் டேர் யா’. அது ஒலிவாங்கியின் கீச்சிடலோடு தொடங்குகிறது. அப்படித்தான் கேட்க வேண்டுமா என்று ஹன்னா சந்தேகத்தோடு கேட்பதும் பதிவாகியிருக்கிறது. பாடல் அதற்குப் பிறகுதான் வருகிறது. வேறு யாராக இருந்தாலும் வெட்டி எறிந்திருக்கக்கூடிய விநாடிகள் இவை. ஒரு பெண் தயாராகிக்கொண்டிருக்கும் பொழுதும் அவளுடைய பேச்சில் சேர்த்திதான் என்று அந்தப் பதிவு எனக்குச் சொல்கிறது. ஹன்னாவின் குரல் ஒரே பாடலுக்குள் சிறுமியின் கொஞ்சலிலிருந்து அலறலுக்குத் தாவுகிறது. இனிமையாக இருக்கும்படி பழக்கப்பட்ட குரல் தன் பழக்கத்தைத் தானே பகடி செய்வதாக இதைக் கேட்கிறேன்.

‘ரெபெல் கேர்ள்’ பாடலை இந்தக் குழு மூன்று முறை பதிவுசெய்து வெளியிட்டிருக்கிறது. ஊரார் பழிக்கும் ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி வியந்து, விரும்பிப் பாடும் பாட்டு அது. தோழமையும் காதலும் அதில் பிரிந்து நிற்கவில்லை. இரண்டு பதிவுகள் கரடுமுரடானவை. இரைச்சலோடு மல்லுக்கட்டியே குரல் வெளியே வருகிறது. 1993இல் ஜோன் ஜெட் தயாரித்துத் தானும் கிட்டார் வாசித்த பதிவில் ஒலி தெளிந்து, பின்குரல்கள் சேர்ந்து, பாட்டு ஒரு ஊர்வலம்போல நடக்கிறது. கரடுமுரடே உண்மை, மெருகு சமரசம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் உடன்படவில்லை. தேர்ச்சி இல்லாமலும் தொடங்கலாம் என்பது விடுதலை. தேர்ச்சியே கூடாது என்றால் அது பெண்கள்மேல் விழும் இன்னொரு விதி. ரன்அவேஸ் குழுவில் பதின்வயதிலேயே வாசித்த ஒரு பெண் தன் அனுபவத்தை அடுத்த தலைமுறைக்குக் கையளித்ததாகவே அந்தப் பதிவைக் கேட்கிறேன்.

கோரின் டக்கரும் கேரி பிரவுன்ஸ்டைனும் தொடங்கிய ஸ்லீட்டர்-கின்னி இதற்கு அடுத்த படி. ஒலிம்பியாவை ஒட்டிய ஒரு சாலையின் பெயரையே குழுவுக்கு வைத்தார்கள். ‘கால் த டாக்டர்’ 1996இலும் ‘டிக் மீ அவுட்’ 1997இலும் வந்தன. பேஸ் கிட்டார் கிடையாது. இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் பின்னுகின்றன. இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடுகின்றன. எதிலும் தனித்த நாயகி இல்லை. இது முழுத் தேர்ச்சிதான். ஆனால் அதற்கான இலக்கணத்தை அவர்களே வகுத்துக்கொண்டார்கள்.

கதவு திறந்தது, சரி. யாருக்குத் திறந்தது? ரயட் கேர்ள் என்று பெயர் பெற்ற இந்த இயக்கத்தில் பெரும்பான்மையினர் வெள்ளையர். 1994இல் ஹெவன்ஸ் டு பெட்ஸியின் ‘கால்குலேட்டட்’ தொகுப்பில் ‘ஒயிட் கேர்ள்’ என்றொரு பாடல் இருக்கிறது. தன் நிறம் தரும் சலுகையை ஒரு வெள்ளைப் பெண் தானே விசாரிக்கிறாள். நேர்மையான பாட்டு. ஆனால் பேசுபவளும் அவள், வருந்துபவளும் அவள். யாருக்கு அநீதி நேர்ந்ததோ அவளுக்கு அந்தப் பாட்டில் குரல் இல்லை. சாதியை அறிந்த நமக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல. 1997இல் நிறமுள்ள பங்க் இளைஞர்களின் எழுத்துகளைத் தொகுத்து ஒரு சிற்றிதழாக வெளியிட்டவர் மிமி தி நுயென். இயக்கத்தின் வரலாறு நிறமுள்ள பெண்களின் விமர்சனத்தை நடுவில் வந்துபோன குறுக்கீடாகவே ஒதுக்கிவிடுகிறது என்று 2012இல் அவர் எழுதினார். அதை முன்வைத்தால் நாம் போற்றும் பட்டியலையே மாற்ற வேண்டிவரும். நகலெடுத்து மடித்த அந்தச் சிற்றிதழ்களையும் ஒலிப்பதிவுகளுக்குச் சமமாக வைத்து வாசிக்க வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் பெரிய பத்திரிகைகள் இவர்களின் உடையையும் உடலையுமே எழுதின. இயக்கத்தில் பலர் அவற்றோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்கள். அதனால் அவர்களைத் தேடிப் போகும் மாணவிக்கு முதன்மைச் சான்று அவர்களே விட்டுச்சென்ற ஒலியும் தாளும்தான். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபேல்ஸ் நூலகத்தில் அந்தத் தாள்களுக்கென்றே ஒரு சேகரம் இருக்கிறது. கேட்கத் தொடங்குபவர்களுக்கு ‘டபுள் டேர் யா’வின் முதல் சில விநாடிகளைச் சொல்வேன். அவற்றைத் தாண்டிவிடாமல் கேளுங்கள்.