சம்பளத் தாய்மை: மகாசுவேதா தேவியின் 'ஸ்தனதாயினி'

பொருளீட்டும் பணியும் தாய்மையும் ஒன்றற்கொன்று முரணாக நிற்பன என்பதும், அவ்விரண்டையும் சமன்செய்வதே பணிபுரியும் பெண்ணின் சிக்கல் என்பதும் இந்திய மொழிகளின் இக்காலப் புனைகதைகளில் பலவாறு பேசப்பட்டுள்ளன. அலுவலகம் ஒரு தட்டிலும் குழந்தை மறு தட்டிலும் வைக்கப்பட்ட துலாக்கோலாகவே அச்சிக்கல் பெரும்பாலும் காட்டப்படுகிறது. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் (1926-2016) 'ஸ்தனதாயினி' என்னும் சிறுகதை இத்துலாக்கோலையே ஏற்க மறுக்கிறது. அக்கதையில் தாய்மைதான் கூலிவேலை. பணி வேறு, பிள்ளை வேறு எனப் பிரித்து நிறுத்த அங்கு இரண்டு தட்டுகள் இல்லை.

வழக்கமான காட்சிக்கு வங்கத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். நரேந்திரநாத் மித்ராவின் கதையைத் தழுவிச் சத்யஜித் ராய் இயக்கிய 'மகாநகர்' (1963) என்னும் திரைப்படத்தில் ஆரதி பின்னல் எந்திரம் விற்கும் பணிக்குச் செல்கிறாள். தாய் வெளியே போவதைப் பொறாத சிறுமகன் முகம் திருப்பிக்கொள்கிறான். அவள் பொம்மை வாங்கி வந்து அவனைத் தேற்றுகிறாள். படம் நுட்பமானது, ஐயமில்லை. எனினும் ஆரதி படியிறங்கிச் செல்ல முடிவது வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் இருப்பதால்தான். அவர்தம் உழைப்புக்கு ஊதியமும் இல்லை, வேலை என்ற பெயரும் இல்லை. சமன்பாடு எனப்படுவது பல இடங்களில் இவ்வாறு இன்னொரு பெண்ணின் தோளுக்கு மாற்றப்பட்ட சுமையே. அந்த இன்னொரு பெண்ணை மையத்தில் நிறுத்துவது 'ஸ்தனதாயினி'.

கதைத் தலைவியின் பெயர் ஜசோதா. கண்ணனை வளர்த்த யசோதையின் பெயரே அது. கணவன் காங்காலிசரண் ஏழைப் பிராமணன். இனிப்புக் கடையில் வேலை செய்பவன். செல்வக் குடும்பமான ஹால்தார் வீட்டின் இளைய மகன் ஓட்டிய காரில் அடிபட்டு அவன் கால்களை இழக்கிறான். பிழைக்க வழியின்றி அவ்வீட்டுக்குச் செல்லும் ஜசோதாவுக்கு ஒரு வேலை கிடைக்கிறது. மருமகள்கள் பெறும் குழந்தைகளுக்கு அவள் பாலூட்ட வேண்டும். மருமகள்களின் உடற்கட்டுக் குலையாது. சோறும் துணியும் கூலி. பால் வற்றாதிருக்க வேண்டுமானால் அவளும் ஓயாது கருவுற வேண்டும். இறந்தவரும் இருப்பவருமாக இருபது பிள்ளைகளை அவள் பெறுகிறாள். மனைவி வேலைக்குப் போகக் கணவன் வீட்டில் அடுப்பு மூட்டுகிறான். கதாசிரியர் அவளைத் தொழில்முறைத் தாய் என்றே அழைக்கிறார்.

இவ்வமைப்பின் கொடுமை எளிதாகப் புலப்படுவதன்று. ஒரு தொழிலாளி தன் உழைப்பை விற்றபின் வீடு திரும்பித் தன் உடலைத் தானே பேணிக்கொள்கிறான். ஜசோதாவுக்கு அந்த எல்லைக்கோடு இல்லை. அவளுடைய மணவாழ்வும் கருவும் மகப்பேறும், விற்பனைக்குரிய பாலைச் சுரக்கச் செய்யும் முன்தயாரிப்பாக மாறிவிடுகின்றன. வீடே பட்டறை. ஊர் அவளைத் தெய்வமாகக் கொண்டாடுகிறது. பெரிய வீட்டு மூதாட்டி அவளுக்கு மதிப்பளிக்கிறாள். இம்மதிப்பு ஊதியத்திற்கு மேலாகக் கிடைப்பதன்று. ஊதியத்திற்கு ஈடாகக் கிடைப்பது. தெய்வம் கூலி கேட்பதில்லை அல்லவா? மூதாட்டி மறைந்ததும், புதிய தலைமுறை மருமகள்கள் பிள்ளைப்பேற்றைக் குறைத்துக்கொண்டதும் இத்தொழில் முடிகிறது. ஜசோதா சமையற்காரியாகிறாள். பின் மார்பில் கட்டி தோன்றி, புற்றுநோயால் மருத்துவமனையில் தனியே இறக்கிறாள்.

காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக்கின் மொழிபெயர்ப்பும் ஆய்வுரையும் 1987இல் வெளியான அவர்தம் நூலில் இடம்பெற்றபின் இக்கதை வங்கத்திற்கு வெளியே பரவலாகப் படிக்கப்பட்டது. விடுதலைக்குப் பிந்திய இந்தியாவின் உருவகமே இக்கதை என்பது ஆசிரியரின் சொந்த விளக்கம்: எல்லாரும் உறிஞ்சுகின்றனர், எவரும் பேணவில்லை. ஸ்பிவாக் இவ்விளக்கத்தை முழுமையாக ஏற்கவில்லை. ஜசோதாவை நாடாக மட்டும் படித்தால் அவள் என்னும் உழைக்கும் பெண் மறைந்துபோவாள் என்பது அவர் கருத்தின் சாரம். ஆசிரியரின் விளக்கத்தைவிட அவருடைய கதையே இங்கு வலிமையானது. ஸ்டூடிபேக்கர் கார், வாரப்படும் சோறு, நாறும் புண் என்னும் பருப்பொருள்கள் உருவகத்திற்குள் அடங்க மறுக்கின்றன. நாடு என்னும் தாய்க்குப் பால் வற்றினால் பாடல் எழுதலாம். ஜசோதாவுக்கு வற்றினால் சோறு இல்லை.

குறை ஒன்று உண்டு. அவள் வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்குக் கதையில் இடம் மிகக் குறைவு. கூலிக்குப் பாலூட்டியவளின் சொந்தக் குழந்தைக்கு எஞ்சியது எவ்வளவு என்னும் வினாவைக் கதை தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

தமிழ் வாசகர்க்கு இவ்வினா புதிதன்று. கேட்கப்படாதிருந்தது என்பதே பொருத்தம். அக இலக்கியம் ஈன்ற தாயை நற்றாய் என்றும் வளர்த்த தாயைச் செவிலி என்றும் பிரித்துக் காட்டுகிறது. தலைவியின் தோழி செவிலியின் மகளே என்பது தொல்காப்பியம் கூறும் செய்தி. தலைவியை வளர்த்த அவளுக்குத் தானீன்ற மகளும் உண்டு என்பது இதனால் தெளிவு. தலைவி உடன்போக்கிற் சென்றபின் செவிலி புலம்பும் பாடல்கள் பல. அவள் பெற்ற ஊதியம் பற்றிய பேச்சு அகமரபிற்கு உரியதன்று. பெரியாழ்வார் யசோதையின் குரலில் பாடிய பாசுரங்களிலும் வளர்ப்புத் தாய்மை அன்பின் முழுமையாகவே நிற்கிறது. இன்று 'செவிலியர்' என்னும் சொல் மருத்துவமனைப் பணியாளரைச் சுட்டுகிறது. உறவுப்பெயர் ஒன்று தொழிற்பெயராகிப் பதவியும் ஊதியமும் பெற்ற மாற்றம் இது. ஜசோதாவுக்கு நேர்ந்தது இதன் மறுதலை: தொழில் ஒன்று உறவின் பெயரால் அழைக்கப்பட்டு ஊதியத்தை இழந்தது.

சட்டத்தின் மொழியிலும் இவ்விழுபறி காணப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டபோது ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேருக்குக் குறையாது பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகமும் கட்டாயமாயிற்று. அத்திருத்தம் துலாக்கோலின் இரு தட்டுகளை உடைய பெண்ணை எண்ணி எழுதப்பட்டது. ஒரு வீட்டில் வேலை செய்யும் ஜசோதா நிறுவனம் என்னும் சொல்லுக்குள் வரமாட்டாள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிப் பணியாளர்க்கு வழங்கப்பட்டதன் பெயரும் ஊதியம் அன்று, 'மதிப்பூதியம்'. பிறர் குழந்தைகளுக்கு உணவூட்டுவது தொண்டு என்னும் எண்ணத்தின் சாயல் அச்சொல்லில் உள்ளது. அவர்களுக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தபோது, அம்மதிப்பூதியமும் ஊதியமே என ஏற்கப்பட்டது.

கதையின் இறுதியில், மருத்துவமனையில் கிடக்கும் ஜசோதாவுக்குத் தன்னைச் சுற்றி நிற்போர் எல்லாரும் தான் பாலூட்டிய பிள்ளைகளாகவே தோன்றுகின்றனர். இறந்தபின் உடலைக் கேட்டு எவரும் வரவில்லை. சுடுகாட்டில் அவளுக்கு எரியூட்டுபவன் ஒரு டோம்.