தி ஃபைனல் கட்: பிடிக்காத ஆல்பத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

பிங்க் ஃபிளாய்ட் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று கட்சி இருக்கும். சிட் பாரெட் போனதோடு பேண்டே முடிந்துபோச்சு என்பது ஒரு கட்சி. ரோஜர் வாட்டர்ஸ்தான் மூளை, மற்றவர்கள் வெறும் கை கால் என்பது இன்னொன்று. டேவிட் கில்மோரின் கிட்டார் இல்லாவிட்டால் இதையெல்லாம் யார் கேட்டிருப்பார்கள் என்பது மூன்றாவது. இவர்கள் இறங்கிச் சண்டை போட வசதியான மைதானம் 1983 மார்ச்சில் வந்த 'தி ஃபைனல் கட்'.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த ஆல்பம் பிடிக்காது. இருபது வருஷமாகப் பிடிக்கவில்லை. இதை எழுதுவதற்காக மறுபடி இரண்டு தடவை முழுசாகக் கேட்டேன், இப்பவும் பிடிக்கவில்லை. ஆனால் அதை எப்படிச் சொல்வது, இதையே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறவரிடம் என்ன பேசுவது? அதைத்தான் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் தகவல்கள். 1979ல் வந்த 'தி வால்' ஆல்பத்தை 1982ல் ஆலன் பார்க்கர் படமாக எடுத்தார். அந்தப் படத்துக்கான பாட்டுகள், ஆல்பத்தில் சேராமல் மிச்சமானவை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு இசைத்தட்டு போடலாம் என்பதுதான் ஆரம்பத் திட்டம். அதற்குள் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டன் அர்ஜென்டினாவோடு போருக்குப் போனது. வாட்டர்ஸின் அப்பா எரிக் பிளெட்சர் வாட்டர்ஸ் 1944ல், இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் ஆன்ஸியோவில் கொல்லப்பட்டவர். அப்போது ரோஜருக்கு ஐந்து மாசம். 'அப்பா எதற்காக உயிரை விட்டாரோ அந்த நாடு இதுதானா' என்கிற கேள்வி மொத்த ஆல்பத்தையும் பிடித்துக்கொண்டது. ஆல்பமும் அந்த அப்பாவுக்குத்தான் சமர்ப்பணம்.

எல்லாப் பாட்டும் வாட்டர்ஸ் எழுதியது. கீபோர்டு வாசித்த ரிக் ரைட் அதற்குள் பேண்டிலேயே இல்லை. பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் மைக்கேல் கேமன் பொறுப்பு. கில்மோர் முன்னால் வந்து பாடுவது 'நாட் நவ் ஜான்' என்கிற ஒரே பாட்டில். கடைசிப் பாட்டில் டிரம்ஸ் வாசித்ததுகூட நிக் மேசன் கிடையாது, ஆண்டி நியூமார்க். தயாரிப்பாளர்கள் பட்டியலில் கில்மோர் பெயர் இல்லை. இந்த ஆல்பத்துக்காக அவர்கள் டூரும் போகவில்லை. 1985ல் வாட்டர்ஸ் விலகிவிட்டார்.

இனி, இந்த ஆல்பத்தைப் பிடிக்காதவர்கள் வழக்கமாகச் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "இது பிங்க் ஃபிளாய்டே இல்லை, வாட்டர்ஸின் தனி ஆல்பம்." மேலே இருக்கிற தகவல்கள் இதற்குச் சாதகம்தான். வாட்டர்ஸ் ஆக்கியது, பிங்க் ஃபிளாய்ட் வாசித்தது என்கிற மாதிரி அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்வோம். அதனால் பாட்டு மோசமாகிவிடுமா? லேபிள் தப்பு என்பதால் உள்ளே இருக்கிற சரக்கு கெட்டுப்போனதாக ஆகாது.

2. "சும்மா போர், போர்னு ஒரே புலம்பல்." இதை என்னால் சொல்ல முடியாது. ஏனென்றால் 1977ல் வந்த 'அனிமல்ஸ்' எனக்கு உயிர். அதிலும் அடி முதல் நுனி வரை வாட்டர்ஸின் கோபம்தான். அங்கே ரசித்த கோபத்தை இங்கே குறையாகச் சொன்னால் அது ஏமாற்று வேலை.

3. "எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி." இங்கேதான் என் பிரச்சினை இருக்கிறது. பெரும்பாலான பாட்டுகள் காதோடு கிசுகிசுப்பதில் ஆரம்பித்து, திடீரென்று தொண்டை கிழியக் கத்துவதில் போய் முட்டுகின்றன. நாலாவது பாட்டுக்குள் அடுத்தது என்ன என்று காது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 'அனிமல்ஸ்' ஆல்பத்தின் 'டாக்ஸ்' 17 நிமிஷம் ஓடுகிறது. அத்தனை கோபத்துக்கு நடுவிலும் கிட்டாரும் கீபோர்டும் தங்கள் பங்கைப் பேச அதில் இடம் இருக்கிறது. இங்கே வரிகள் முதலாளி, இசை கணக்குப்பிள்ளை.

இந்த மூன்றாவதை மட்டும்தான் விமர்சனம் என்று சொல்வேன். கேட்கிற யாரும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சரிபார்க்கலாம். எங்கள் தொழிலில் 'சரியா வேலை செய்யலை' என்று மொட்டையாக ஒரு பக் ரிப்போர்ட் வந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், எதை அழுத்தினால், என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அப்படி எழுதியிருந்தால், 'அது பக் இல்லை, வேண்டுமென்றே அப்படித்தான் செய்திருக்கிறோம்' என்று பதில் வரவும் வாய்ப்புண்டு.

எனக்கு அப்படி ஒரு பதில் வந்தது. என் டீமில் ஒருத்தர், என்னைவிடப் பத்து வயசு சின்னவர். அவர் அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அங்கே பார்த்ததைப் பற்றி வீட்டில் வாயே திறக்காதவர். பிங்க் ஃபிளாய்டில் இவருக்கு இந்த ஆல்பம்தான் முதலிடம். 'தி கன்னர்ஸ் ட்ரீம்' பாட்டில் வாட்டர்ஸ் நீளமாகக் கத்த, அந்தக் கத்தலை ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்டின் சாக்ஸபோன் அப்படியே வாங்கிக்கொண்டு போகும். நான் சொன்ன குறைக்கு அவர் அந்த இடத்தைத்தான் காட்டினார். "நீங்க கத்தல்னு சொல்றதுதான் அண்ணா எனக்கு வேணும். பேசாம இருந்த ஆள் வாயைத் திறந்தா அப்படித்தான் வரும்."

இரண்டு பேரும் கேட்பது ஒரே சில விநாடிகளைத்தான். அங்கே என்ன நடக்கிறது என்பதில் எங்களுக்குள் தகராறே இல்லை. அதை எனக்குக் காது ஏற்கவில்லை, அவருக்கு அதுதான் கதவு. இது தெரிந்த பிறகும் எனக்கு ஆல்பம் பிடித்துவிடவில்லை. ஆனால் அவருக்குக் காது சரியில்லை என்றோ, வாட்டர்ஸ் பக்தர் என்றோ நினைக்க வழியில்லாமல் போய்விட்டது.

இதனால்தான் 'அவரவர் ரசனை அவரவருக்கு' என்கிற வசனம் எனக்கு ஒத்துவருவதில்லை. கேட்க மரியாதையாக இருக்கும். உண்மையில் அது 'உன்னோடு பேச எனக்கு நேரமில்லை' என்பதைப் பணிவாகச் சொல்வது. அன்றைக்கு நான் அதைச் சொல்லி எழுந்து போயிருந்தால் அந்த சாக்ஸபோன் கதை எனக்குக் கிடைத்திருக்காது.

பெரிய மனிதர்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவதும் உதவாது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் கர்ட் லோடர் இதற்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். 'வால்' ஆல்பத்துக்கே வேண்டாம் என்று ஒதுக்கியவை இப்போது மட்டும் எப்படி நல்ல பாட்டாகும் என்பது கில்மோரின் கேள்வி. பிரிட்டனில் விற்பனையில் முதலிடம். எதை எடுப்பீர்கள்? 1970ல் வந்த 'ஆட்டம் ஹார்ட் மதர்' ஆல்பத்தை வாட்டர்ஸ், கில்மோர் இருவருமே பிற்பாடு மட்டம் தட்டிப் பேசியிருக்கிறார்கள். அதுவும் பிரிட்டனில் முதலிடம் பிடித்த ஆல்பம்தான், அதற்காக உயிரை விடுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். செய்தவரே தள்ளிவிட்டதைக் கேட்டவர் எடுத்து வைத்துக்கொள்கிறார். அதில் அவருக்கு என்ன கிடைத்தது என்று அவரிடம்தான் கேட்க வேண்டும்.

நேரம் இருந்தால் 'தி கன்னர்ஸ் ட்ரீம்', அடுத்து 'டாக்ஸ்' இரண்டையும் நல்ல ஹெட்போனில் முழுசாகக் கேளுங்கள். மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகாது. கேட்டுவிட்டு எந்த இடத்தில் ஒட்டியது, எந்த இடத்தில் விலகியது என்று குறித்து வையுங்கள். அடுத்த தடவை நமக்குச் சண்டை வந்தால் அந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.