பாறையை அளக்கப் பழகுதல்: தென்காசியும் யாழ்ப்பாணமும்

குற்றாலத்து மலையும் கண்டி மலைநாடும் ஒரே குடும்பத்துப் பாறை. கோண்டுவானாக் கண்டம் இணைந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய சார்னோக்கைட்டும் நைஸும் கடலுக்கு இருபுறமும் கிடக்கின்றன. அவற்றை அளக்கக் கற்கும் மாணவர்கள்தாம் இரு வேறு பழக்கங்களோடு பல்கலைக்கழகத்துக்குள் நுழைகிறார்கள்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ இயற்பியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. கருவியைத் தொட்டு அளந்து காட்டினால்தான் மதிப்பெண். இலங்கை உயர்தரப் பரீட்சை அதையே எழுத்துத்தாளில், அமைப்புக் கட்டுரை வினாவாகக் கேட்கிறது. கம்பியின் விட்டத்தைப் பல இடங்களில் அளப்பது ஏன்? பூச்சிய வழுவை என்ன செய்வாய்? கருவி கைக்கு வரும் முன்பே வழுவைப் பற்றி யோசிக்க அங்கே பழக்கிவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கை பழகும். ஆனால் ரெக்கார்ட் நோட்டில் எழுத வேண்டிய விடையும் முன்பே தெரியும். தனி ஊசல் ஆட்டினால் ஈர்ப்பு முடுக்கம் 9.8 வந்தாக வேண்டும். தென்காசியின் அட்சரேகையில் அது 9.78-ஐ ஒட்டித்தான் இருக்கும். புவி இயற்பியல் தொடங்குவதே அந்த இரண்டாம் தசமத்துக்கு அப்பால்தான்.

பாறைக்கு 'வரவேண்டிய விடை' கிடையாது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமானாலும் பேராதனையானாலும் அடிப்படை வேலை ஒன்றே: உலர்ந்த எடை, நீர் ஊறிய எடை, நீரில் தொங்கவிட்ட எடை. மூன்றிலிருந்து அடர்த்தியும் நுண்துளை அளவும் கிடைக்கும். மின்தடை எண்தான் ஏமாற்றும். உலர்ந்த சார்னோக்கைட் மின்சாரத்தை ஏறக்குறைய விடவே விடாது. ஊறியபின் மதிப்பு பல மடங்கு சரியும். மின்முனை தொடும் இடத்தின் தடை பாறையின் தடையாக வேடம் போடும். அதனால்தான் மின்னோட்டத்துக்கு இரண்டு, மின்னழுத்தத்துக்கு இரண்டு என நான்கு முனைகள். இந்தக் கட்டத்தில், அளவீட்டை முதலில் சந்தேகிக்கப் பழக்கும் இலங்கைப் பயிற்சியே மேல் என்பேன்.

அந்தச் சந்தேகப் புத்தி இந்த மலைக்கு அந்நியமும் அல்ல. குற்றாலத்துக்குத் தெற்கே அகத்தியமலையில் 1855-இல் காந்த ஆய்வுக்கூடம் அமைத்த ஜான் ஆலன் பிரௌன், திருவனந்தபுரத்து அளவீட்டை நம்பி நின்றுவிடாமல் மலையுச்சியிலும் அளந்து ஒப்பிட்டவர்.

களத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. தென்காசிப் பக்கம் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரும் ஷ்லம்பர்ஜர் முறையில் மின்தடை அளக்கக் கம்பி இழுப்பவரும் ஒரே தோட்டத்தில் எதிர்ப்படுவார்கள். அடுத்து போர் வண்டி வந்து யார் சொன்னது சரி என்று காட்டிவிடும். இவ்வளவு சீக்கிரம் திருத்தப்படும் வீட்டுப்பாடம் வேறெந்தத் துறையிலும் இல்லை! இங்கே மாணவர் மனதில் பதியும் விதி எளிது: கடும்பாறையில் மின்தடை குறைந்தால் சிதைவோ வெடிப்போ இருக்கிறது, தண்ணீருக்கு வாய்ப்பு.

யாழ்ப்பாணத்து மயோசீன் சுண்ணக்கல்லில் அந்த விதி செல்லாது. அங்கே மின்தடை அதலபாதாளத்துக்கு இறங்கினால் நன்னீருக்கு அடியில் கடல்நீர் ஏறியிருக்கலாம், களிமண்ணாகவும் இருக்கலாம். அக்கம்பக்கத்துக் கிணற்று நீரின் மின்கடத்துதிறனை அளக்காமல் எதுவும் சொல்ல முடியாது. தென்காசி விதியோடு போய் 5 ஓம்-மீட்டரைக் கண்டதும் குழாய்க்கிணறு தோண்டச் சொன்னால் உப்புத்தண்ணீர்தான் வரும்.