கைக்குட்டையை எடுத்தவள்

ஒதெல்லோ நாடகம் பாடமாக இருக்கும் வகுப்புகளில் கேள்விகள் ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகின்றன. கதைப்பின்னலில் பொறாமையின் இடம் என்ன? இயாகோ ஏன் இப்படிச் செய்கிறான்? விலங்கு உவமைகளைத் தொகுத்து எழுதுக. எமிலியாவுக்குக் கிடைப்பது ஒரு சிறுகுறிப்பு. அவள் இயாகோவின் மனைவி, டெஸ்டிமோனாவின் பணிப்பெண், அத்துடன் முடிந்தது. ஆனால் இந்தக் கதை நகர்வதும் அவள் கையால்தான், உடைவதும் அவள் வாயால்தான்.

சிந்தியோ என்ற இத்தாலியர் 1565இல் வெளியிட்ட கதைத்தொகுப்பிலிருந்து ஷேக்ஸ்பியர் இக்கதையை எடுத்தார். மூலக்கதையில் கைக்குட்டையைத் திருடுபவன் கணவனேதான். தன் மூன்று வயது மகளை நாயகியின் கையில் கொடுத்து, அவள் குழந்தையைக் கொஞ்சும் நேரத்தில் இடுப்பிலிருந்து உருவிக்கொள்கிறான். அவன் மனைவிக்கு எல்லாம் தெரியும். கணவனுக்குப் பயந்து வாய் திறப்பதில்லை, உயிரோடும் மிஞ்சுகிறாள். ஷேக்ஸ்பியர் குழந்தையை எடுத்துவிட்டு, கைக்குட்டையை மனைவியின் கையில் வைத்தார். எல்லாம் தெரிந்தும் பேசாத பெண், எதுவும் தெரியாமல் கொடுத்துவிட்டுத் தெரிந்த கணத்தில் பேசுகிற பெண்ணாகிறாள். நாடகத்தின் ஆகப்பெரிய மாற்றம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு கைக்குட்டைக்கா இவ்வளவு அமர்க்களம் என்று தாமஸ் ரைமர் 1693இல் கேலி செய்தார். தையல் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். ஸ்ட்ராபெர்ரிப் பழங்கள் பூத்தையலிட்ட துணி அது. கீழே கிடந்ததை எடுத்ததும் எமிலியாவுக்கு முதலில் தோன்றுவது, அந்த வேலைப்பாட்டைப் பார்த்து இன்னொன்று செய்து கணவனுக்குக் கொடுக்கலாம் என்பதுதான். காசியோவும் பியாங்காவிடம் அதைப் போலவே ஒன்று போட்டுத் தரச் சொல்கிறான். பெண்கள் கையில் கைவேலையாக இருப்பது, ஆண்கள் கைக்குப் போனதும் கற்பின் சாட்சியாகிவிடுகிறது. ஒதெல்லோ அதற்கு ஒரு மந்திரக் கதையே சொல்கிறான்: எகிப்தியப் பெண்ணொருத்தி தன் தாய்க்குக் கொடுத்தது, தொலைந்தால் கேடு. கடைசி அங்கத்தில் அதே துணியைத் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்கிறான். இரண்டில் எது உண்மையோ, முதல் கதை தன் வேலையைச் செய்துவிட்டது. பயந்துபோன டெஸ்டிமோனா, தொலையவில்லை என்று பொய் சொல்கிறாள்.

எமிலியாவும் பொய் சொல்கிறாள். கைக்குட்டையை எங்கே தொலைத்தேன் என்று டெஸ்டிமோனா கேட்கும்போது, தெரியாது என்கிறாள். பெண்ணியவாதிகளான நாம் இந்த இடத்தைப் பூசி மெழுகக் கூடாது. பலமுறை கேட்டு நச்சரித்த கணவன் ஒருமுறையாவது முகம் மலரட்டும் என்பதற்காக எடுத்தது, இன்னொரு பெண்ணின் கழுத்தில் போய் முடிகிறது. தோழி என்று நாம் நினைத்தாலும் அவள் சம்பளக்காரி. எஜமானியம்மா சங்கடப்படுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தெரிந்தவள்.

இனி உவமைகள். நள்ளிரவில் பிரபான்ஷியோவின் வீட்டு வாசலில் கத்தும் இயாகோ, வீட்டையும் மகளையும் பணப்பைகளையும் ஒரே மூச்சில் பாரென்கிறான். கறுப்புக் கடா, வெள்ளாட்டுப் பெண் என்பது அடுத்து வருகிறது. ஒரே உருவகத்தில் கறுப்பன் மிருகமாகிறான், பெண் களவுபோன சரக்காகிறாள். நிறவெறியையும் பெண் வெறுப்பையும் தனித்தனிக் கேள்விகளாக்கிப் படிப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கடலையும் போர்க்களத்தையும் பேசிவந்த ஒதெல்லோவின் நாக்கில் மூன்றாம் அங்கத்துக்குப் பிறகு தேரைகளும் ஆடுகளும் குரங்குகளும் ஏறுகின்றன. அவை இயாகோவின் சொற்கள்.

கொல்ல வரும்போது அந்த மிருகங்கள் காணாமல் போகின்றன. பனி, வெண்பளிங்கு, ரோஜா, விளக்கு. மாணவிகள் அழகு என்று அடிக்கோடிடும் பகுதி இது. அழகுதான், அதில்தான் எனக்குப் பயம். மூச்சுவிடும் பெண்மேல் ஒவ்வொரு அணியாகப் பூட்டி அவளைச் சிலையாக்கிவிட்டால், சிலையின் கழுத்தை நெரிப்பதில் குற்றம் தெரிவதில்லை. ('இரத்தத் திலகம்' படத்தில் சாவித்திரியைப் பார்த்து அழுத தலைமுறையும் இந்த மொழிக்கு மயங்கியதுதான்.)

எமிலியாவிடம் பளிங்கு கிடையாது. அவள் உருவகம் சாப்பாட்டு மேசையிலிருந்து வருகிறது: ஆண்கள் வயிறு, பெண்கள் அவர்கள் தின்று ஏப்பம் விடும் உணவு. நான்காம் அங்கத்தில் டெஸ்டிமோனாவை உறங்கத் தயார்செய்தபடி, மனைவிகளுக்கும் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, இனிப்பும் புளிப்பும் அறிந்த நாக்கு இருக்கிறது என்கிறாள். இங்கே உருவகமே இல்லை, உடம்புதான் பேசுகிறது. இந்தப் பேச்சும் டெஸ்டிமோனா பாடும் வில்லோ மரப் பாட்டும் 1623 பெருந்தொகுப்பில் உண்டு, 1622இல் வந்த தனிநூலில் இல்லை. வெட்டினார்களா, பிறகு சேர்த்தார்களா என்று பதிப்பாசிரியர்கள் வாதிடுகிறார்கள். தணிக்கை என்று நான் அவசரப்பட மாட்டேன். கொலையை நோக்கி ஓடும் கதையில் அந்த இடத்தில் எதுவும் நடப்பதில்லை. விட்டாலும் பின்னல் அறுந்துவிடாது. இரண்டு பெண்கள் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதை எடுத்துவிட்டால் கடைசிக் காட்சியில் எமிலியாவுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியாமலே போகும்.

அக்காட்சியில், உன் கணவன்தான் சொன்னான் என்று ஒதெல்லோ சொல்லச் சொல்ல, என் கணவனா, என் கணவனா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கைக்குட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் எல்லாம் விளங்கிவிடுகிறது. வீட்டுக்குப் போ என்கிறான் இயாகோ. அவனுக்குக் கீழ்ப்படிவதுதான் முறை, ஆனால் இப்போது முடியாது, இனி வீட்டுக்கே போகாமலும் இருக்கலாம் என்று சபை நடுவே சொல்லிவிட்டு உண்மையை உடைக்கிறாள். அவன் குத்துகிறான். தன்னை எஜமானியின் பக்கத்தில் கிடத்தச் சொல்கிறாள். மற்ற ஆண்கள் இயாகோவைத் துரத்திக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அவள் டெஸ்டிமோனாவின் பாட்டை முனகுவதையும், அவள் களங்கமற்றவள் என்று சொல்லி இறப்பதையும் கேட்க மேடையில் எஞ்சியிருப்பவன் ஒதெல்லோ ஒருவனே. அடுத்து அவன் வாயிலிருந்து வருவது, இந்த அறையில் தன்னிடம் இன்னொரு ஆயுதம் இருக்கிறது என்பது.

அவளைக் கிடத்தினார்களா என்பதற்குப் பிரதியில் மேடைக்குறிப்பு கிடையாது. கட்டிலில் டெஸ்டிமோனாவின் பக்கத்தில் வைப்பதா, விழுந்த இடத்திலேயே விட்டுவிடுவதா என்பதை ஒவ்வொரு இயக்குநரும்தான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.